சுற்றும் மரத்துக்குத் தேங்காய் உடைத்த நாள்

டிசம்பர் முதல் சனிக்கிழமை, காலை ஏழு மணி. அமெரிக்காவில் கேட்டி என்கிற ஊரில் அன்றைக்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை, ஈரத்துணியைப் போர்த்திவிட்டாற்போல ஒரு குளிர். முகிலன் வாசல் புல்வெளியில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தான். பல்லில் வயர் கட்டுகிற இரண்டு ஜிப் டை, கையில் கட்டிங் பிளேயர், எதிரே பன்னிரண்டு அடி உயரத்துக்கு ஜூலை மாதத்திலிருந்து அவன் கட்டிவந்த மரம். மரம் என்றால் இலை, கிளை உள்ள மரமில்லை. கூம்பு மாதிரி பதினாறு பட்டைகள், பட்டைக்கு ஐம்பது குட்டி விளக்கு. ஒவ்வொரு விளக்கும் தனித்தனியாக நிறம் மாறும், அதைத்தான் பிக்சல் என்கிறார்கள். எண்ணூறு பிக்சலும் மினுக்கிக்கொண்டே மொத்த மரமும் ராட்டினம்போலச் சுற்ற வேண்டும். அன்று சாயங்காலம் அதற்கு அரங்கேற்றம். அந்த நேரம் பார்த்துப் பாக்கெட்டில் போன் அடித்தது.

நம்பியூரிலிருந்து சபரி. பெரியப்பாவின் மகன், முகிலனைவிட நாலு வயது மூத்தவன். பெரியப்பா சென்னியப்பன் ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் கிடந்தார், நெஞ்சில் சளி. அதனால் சபரி பேர் தெரிந்ததுமே முகிலன் பல்லில் இருந்ததைத் துப்பிவிட்டுப் போனை எடுத்தான்.

"முகிலா, அப்பா போயிட்டாருடா. இங்க மத்தியானம் மூணு மணிக்கு. ஊட்டுக்குக் கொண்டாந்தாச்சு. சித்தப்பாகிட்டப் பக்குவமாச் சொல்லு, பிரஷர் மாத்திரை போட்டதுக்கப்புறம் சொல்லு. நாளைக்குக் காத்தால எட்டு மணிக்கு எடுக்கறோம். அதுக்குள்ள ஒருக்கா வீடியோவுல மூஞ்சியப் பாத்துக்கச் சொல்லு. அம்மா அதையேதான் சொல்லிட்டு இருக்குது."

ஏணி மேல் நின்றபடியே முகிலன் போனைப் பாக்கெட்டில் போட்டான். அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை. சின்ன வயதில் அவனைத் தோள்மேல் வைத்துக்கொண்டு தேர் பார்க்கப் போனவர் பெரியப்பாதான். அவர் செத்துப்போனார் என்று காதில் விழுந்ததும் அவன் கண் போனது மரத்தின் மேலே. இதைச் சொல்ல அவனுக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் அதுதான் நடந்தது.

செய்தி காதில் விழுந்தால் அப்பா என்ன செய்வார் என்று அவனுக்குத் தெரியும். முகிலனின் அப்பா நஞ்சப்பன், எழுபத்திநாலு வயது, செப்டம்பரில் ஆறு மாத விசாவில் வந்திருந்தார். கூடப் பிறந்த ஒரே அண்ணன் போனால், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவார். வாசலில் விளக்கு எரிவதாவது! வருஷம் திரும்புகிறவரை நோம்பி நொடி, பண்டிகை எதுவும் கிடையாது. கடல் தாண்டி வந்துவிட்டோமே என்று தீட்டு திரும்பிப் போய்விடுமா என்ன? மரத்தைப் போர்வை போட்டு மூடிவைக்க வேண்டியதுதான்.

அதற்கு அவன் மனது ஒப்பவில்லை. காரணம், போன வருஷம். போன வருஷமும் இதே மாதிரி ஒரு மரம் செய்தான். அது சுற்றச் சுற்ற அதன் வயரும் கூடவே முறுக்கிக்கொள்ளும் என்பதை யோசிக்காமல் விட்டுவிட்டான். அவர்கள் இருக்கும் காலனியில், டிசம்பர் முதல் சனிக்கிழமை, டிராக்டர் இழுக்கிற வண்டியில் வைக்கோல் பரப்பிக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக் கிறிஸ்துமஸ் விளக்காகக் காட்டிக்கொண்டு வருவார்கள். வண்டி இவன் வீட்டு வாசலுக்கு வந்து நின்றதும் மரம் நாலு சுற்று சுற்றியது, வயர் முறுக்கேறி வெடுக்கென்று அறுந்தது, எல்லாம் அணைந்து போனது. வண்டியில் இருந்த அறுபது பேரும் இருட்டில் ஒரு கம்பத்தைப் பார்த்தார்கள். எதிர்வீட்டு திருமூர்த்தி இருக்கிறாரே, பொள்ளாச்சிக்காரர், வாய் சும்மா இருக்காது. அதற்கப்புறம் எந்த வீட்டு விருந்தில் பார்த்தாலும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதே கேள்விதான். மரம் சுத்துதுங்களா, இல்லை நீங்கதான் சுத்திட்டு இருக்கீங்களா என்று. ஒரு வருஷம் முழுக்கக் கேட்டார். முகிலனும் ஒரு வருஷம் முழுக்கச் சிரித்து வைத்தான்.

இந்த வருஷம் அப்படி விடவில்லை. ஸ்லிப் ரிங் என்று கட்டைவிரல் பருமனில் ஒரு உருளை, சுற்றுகிற குழாய்க்குள் உட்கார்ந்துகொள்ளும். மேல் பாதி சுற்றும், கீழ்ப்பாதி நிற்கும், கரண்ட் மட்டும் தாண்டிப் போகும், வயர் முறுக்காது. அதை வாங்கினான். மரத்தின் எடையைத் தாங்க படகு இழுக்கிற டிரெய்லரின் சக்கர அச்சைக் கழற்றிச் செங்குத்தாகப் பொருத்தி அதன் மேல் நிறுத்தினான். அப்பா வந்த பிறகு வேலை இன்னும் சூடு பிடித்தது. அவருக்கு பிக்சல், கம்ப்யூட்டர் ஒன்றும் தெரியாது. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அந்தப் பக்கம் சாயுது, இந்தப் பக்கம் சாயுது என்று சொல்வார். சாய்வது உண்மையாகவும் இருக்கும்.

அந்த அப்பாதான் இப்போது குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாகக் காபி டம்ளரோடு வெளியே வந்தார். போனில் யார் என்று கேட்டார். ஆபீஸ் என்றான் முகிலன். சனிக்கிழமையும் விடமாட்டார்களா என்று அலுத்துக்கொண்டவர் அடுத்து அதைத்தான் கேட்டார்.

"அண்ணனைப் பத்தி சபரி ஏதாச்சும் சொன்னானாடா? ராவெல்லாம் நெனப்பு அங்கதான்."

இந்த இடத்தில் முகிலன் சும்மா இருந்திருக்கலாம். தெரியவில்லை என்றிருந்தால்கூடப் பாதிப் பாவம்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நாக்கு தானாகப் புரண்டுவிட்டது.

"தேவலையாமுங்கப்பா. கொஞ்சம் கஞ்சி குடிச்சாராம்."

நஞ்சப்பன் டம்ளரை ஏணிப் படியில் வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கஞ்சி இறங்கிவிட்டால் அவன் எழுந்துகொள்வான், சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கஞ்சிதான் மருந்து என்றார். ஒரு வாரமாகச் சுருங்கிக் கிடந்த முகம் அப்படியே விரிந்தது. முகிலன் மரத்தின் பக்கம் திரும்பி அடுத்த பட்டையைக் கட்டினான்.

அவன் மனதுக்குள் போட்ட கணக்கு இதுதான். அங்கே காலை எட்டு மணிக்கு எடுக்கிறார்கள் என்றால் இங்கே ராத்திரி ஒன்பதரை. வைக்கோல் வண்டி ஏழரைக்கு வரும், எட்டே காலுக்குக் கூட்டம் கலைந்துவிடும். எட்டரைக்கு அப்பாவை உள்ளே கூட்டிப்போய்ச் சொல்லிவிடலாம். முகம் பார்க்க ஒரு மணி நேரம் இருக்கிறதே, போதாதா? இப்போதே சொன்னால் மட்டும் பெரியப்பா எழுந்து வந்துவிடப் போகிறாரா? இப்படியெல்லாம் கேட்டுக் கேட்டுத் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டான். தப்புச் செய்கிறவனுக்கு வக்கீல் வெளியே கிடைக்காவிட்டாலும் உள்ளே ஒருத்தன் எப்போதும் தயாராக இருப்பான்.

ஒரு பொய் சொன்னால் அதற்குக் காவலுக்கு நாலு பொய் வேண்டும். அப்பாவின் போன் இருக்கிறதே! பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் முகிலனும் இருக்கிறான், அப்பாவும் இருக்கிறார். யாராவது மாலை போட்ட படத்தை அதில் போட்டால் கதை முடிந்தது. மரத்தை ஓட்டுவதற்கு இன்னொரு போன் தேவைப்படுகிறது, உங்களுடையதைக் கொடுங்கள் என்றான். நஞ்சப்பன் கேள்வியே கேட்கவில்லை. வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து, திரையை வேட்டி முனையால் துடைத்து வேறு கொடுத்தார். முகிலன் அதைக் கார் நிறுத்துகிற கராஜுக்குள் கொண்டுபோய் அணைத்து, ஸ்குரூ டப்பா வைக்கிற இழுப்பறையில் போட்டு மூடினான். தன் போனையும் சத்தத்தை அடக்கிப் பாக்கெட்டில் போட்டவன், அதற்கப்புறம் அதை எடுத்துப் பார்க்கவே இல்லை. மத்தியானத்துக்குள் அவர் பெரியவர்கள், குழந்தைகள் என்று தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் தன்னுடைய போனில்தான் இந்த மரம் ஓடப்போகிறது என்று சொல்லிவிட்டார்.

முகிலனின் மனைவி கண்மணிக்கும் அவன் சொல்லவில்லை. சொன்னால் அவள் அடுப்பை அணைத்துவிட்டு நேராக மாமனாரிடம் போய் நின்றிருப்பாள். அவள் பாவம், வருகிற கூட்டத்துக்கென்று பெரிய குக்கரில் கொண்டைக்கடலைச் சுண்டல் வைத்துக்கொண்டு, யாரிடமிருந்து போன், ஏன் மூஞ்சி இப்படி இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டாள். தூக்கமில்லை என்றான்.

பகல் பூராவும் அவனுக்கு வேலை ஓடவே இல்லை. ஓடவில்லை என்று சொல்வதும் தப்பு, கை ஓடிக்கொண்டுதான் இருந்தது. பவர் சப்ளை டப்பாவுக்கு மழைக்கவசம் போட்டான், அடியில் மணல் மூட்டை அடுக்கினான், கம்ப்யூட்டரில் கோலம், மயில், நட்சத்திரம் என்று வரிசையாக ஓட்டிப் பார்த்தான். வாய்தான் திறக்கவில்லை. பத்து மணி வாக்கில் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். சொல்லிவிடலாம் என்று கிட்டே போனான். அவர் அந்த நேரம் பார்த்து, அண்ணனுக்கு உடம்பு தேறினதும் அவனுக்கும் விசா எடுத்து இங்கே கூட்டிவர முடியுமா, இந்த மரத்தை அவன் பார்க்க வேண்டாமா என்று ஆரம்பித்தார். முகிலன் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். மத்தியானம் சாப்பாட்டு மேசையில் இன்னொரு தடவை நெஞ்சு வரைக்கும் வந்தது. மகள் ஷ்ரேயா உட்கார்ந்திருந்தாள், விட்டுவிட்டான். அதற்கப்புறம் ஒரு கட்டத்தில் சொல்வது என்பதைவிட, ஏன் இத்தனை நேரம் சொல்லவில்லை என்பதற்குப் பதில் சொல்வதுதான் பெரிய வேலையாகத் தெரிந்தது. நேரம் ஆக ஆக வாய் இன்னும் கெட்டியாகப் பூட்டிக்கொண்டது.

நாலு மணிக்கு நஞ்சப்பன் கடையிலிருந்து ஒரு தேங்காய் வாங்கிவரச் சொல்லிக் கண்மணியிடம் கேட்டார். மரத்தை ஓட்டுகிறதுக்கு முன்னால் பிள்ளையாருக்கு ஒரு காய் போட வேண்டும், அண்ணன் பிழைத்ததற்கும் சேர்த்தே போட்டுவிடுகிறேன் என்று. முகிலன் பதறிப்போய்க் குறுக்கே வந்தான். தேங்காய் எதற்கு, வாசல் டிரைவ்வேயில் தண்ணீர் பட்டால் ஷாக் அடிக்கும், சுண்டலே பிரசாதம்தான் என்று என்னென்னவோ சொன்னான். அப்பா சிரித்தார். தண்ணீரைச் சொம்பில் பிடித்துக்கொள்கிறேன், நீ பயப்படாதே என்றார். கண்மணியும், பெரியவர் ஆசைப்படுகிறார், அதிலும் தடுக்கிறீர்களே என்று கடிந்துகொண்டாள். தேங்காய் வந்துவிட்டது.

ஏழு மணிக்கு வாசலில் நல்ல கூட்டம். திருமூர்த்தியும் அவர் மனைவி வசந்தாமணியும் முன்வரிசையில் நின்றார்கள். நஞ்சப்பன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். ஸ்வெட்டருக்கு மேலே துண்டு. கண்மணி தட்டில் சூடம் வைத்துக் கொடுத்தாள். அவர் மரத்தைப் பார்த்து மூன்று தடவை சுற்றிக் காட்டினார். அப்புறம் தேங்காயை இரண்டு கையிலும் ஏந்தி, கூட்டம் இருப்பதையே மறந்து, வாய்விட்டு வேண்டினார்.

"சாமி, எங்கண்ணனைக் கைவுட்டுறாம காப்பாத்திக் குடுத்தே. இந்தக் காயி உனக்குத்தான்."

ஒரே தட்டு. தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது. அழுகலில்லை, கோணலில்லை, பால்போல இரண்டு மூடி. நல்ல சகுனம் என்று வசந்தாமணி சொல்லிக்கொண்டே போனில் வீடியோ எடுத்தாள். முகிலன் லேப்டாப்புக்குப் பின்னால் குனிந்துகொண்டான். அங்கே வீட்டில் அண்ணன் பிணமாகக் கிடக்கத் தம்பி மங்கல காரியம் செய்கிறான். செய்ய வைத்தது யார்? அவன் விசைப்பலகையைத் தட்டி மரத்தை ஓட்டத் தயாராக வைத்தான்.

ஷ்ரேயா தாத்தாவின் கையைப் பிடித்து இழுத்துவந்து, "தாத்தா, யூ டூ இட்" என்று ஒரு பொத்தானைக் காட்டினாள். நஞ்சப்பன் அழுத்தினார்.

மரம் சுற்றியது. சொல்லக் கூடாது, அத்தனை அழகாகச் சுற்றியது. அடியிலிருந்து மஞ்சள் ஏறி உச்சியில் சிவப்பாகப் பூத்தது, பூத்தது வழிந்து பச்சையாக இறங்கியது. மயில் ஒரு பக்கம் தோகை விரித்தால் மறுபக்கம் வருவதற்குள் நட்சத்திரமாகிவிட்டது. வயர் முறுக்கவில்லை, அச்சு முனகவில்லை. வைக்கோல் வண்டி வந்து நின்றது, போக மனமில்லாமல் நின்றது. குழந்தைகள் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கத்தினார்கள். திருமூர்த்தி முகிலன் தோளில் தட்டி, ஒத்துக்கொள்கிறேன் சாமி, இனிமேல் வாயே திறக்கமாட்டேன் என்றார். ஷ்ரேயாவும் நாலைந்து பிள்ளைகளும் நஞ்சப்பனை நடுவில் விட்டு ஆடினார்கள். அவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு அடி கும்மி போட்டுக் காட்டினார். அதையும் வசந்தாமணி எடுத்தாள்.

ஒரு வருஷமாக எந்த நிமிஷத்துக்காக ஏங்கினானோ அந்த நிமிஷம் அவனுக்கு முன்னால் சுற்றிக்கொண்டிருந்தது. முகிலன் அப்பாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். வேட்டிக்குக் கீழே வெடிப்பு விழுந்த குதிகால், அது தூக்கித் தூக்கி ஆடுவது. கையில் கிடைத்ததை எடுத்துத் தன் மண்டையில் போட்டுக்கொள்ளலாம்போல இருந்தது.

எட்டு இருபதுக்கு வண்டி நகர்ந்தது. கார்கள் மட்டும் வரிசையாக வந்து நின்று பார்த்துவிட்டுப் போயின. எட்டு நாற்பதுக்கு அவன் கராஜுக்குள் போனான். அப்பாவின் போனை எடுத்து வைத்துக்கொண்டால் நேராக வீடியோவில் போட்டுக் காட்டிவிடலாம், இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது என்று நினைத்தான். இழுப்பறையைத் திறந்து போனை உயிர்ப்பித்தான்.

போன் கையில் துள்ளித் துள்ளி அதிர்ந்தது. தவறிய அழைப்புகளே முப்பதுக்கு மேல். பங்காளிகள் குழுவைத் திறந்தான். கடைசியாக வந்திருந்த படம், பாடை தெருமுனையைத் தாண்டுகிற படம். வந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

அவனுக்கு முதலில் புரியவே இல்லை. ஒன்பதரை அல்லவா? அப்புறம்தான் உறைத்தது. நவம்பரில் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். ஊருக்கும் கேட்டிக்கும் கோடையில் பத்தரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பதினொன்றரை. பதினெட்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறான், ஊருக்குப் பேசுகிற ஒவ்வொரு தடவையும் மனக்கணக்குப் போடுகிறவன், இன்றைக்குப் பார்த்துப் பழைய கணக்கையே போட்டுவிட்டான். அங்கே எட்டு மணி என்றால் இங்கே எட்டரை. மரம் சுற்றிக்கொண்டிருந்தபோதே தூக்கிவிட்டார்கள்.

அந்தப் படத்துக்குச் சற்று மேலே ஒரு வீடியோ இருந்தது. வெள்ளை வேட்டி, திருநீறு, சரிபாதியாகப் பிளக்கிற தேங்காய், இடுப்பில் துண்டு கட்டிக் கும்மி. வசந்தாமணி அதைக் கேட்டியில் இருக்கிற ஊர்க்காரர்கள் குழுவில் போட, அவள் தங்கை கோபி டவுனிலிருந்து எடுத்து அனுப்ப, கைக்குக் கை மாறி, பாடை கிளம்புவதற்கு முன்னாலேயே எழவு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் கீழே ஒரு பங்காளி ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். நல்லா இருக்கட்டும்.

போன் கையிலேயே அடித்தது. சபரி. பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. என் போன்தானே அடிக்கிறது, சபரியா, கொடு என்று கேட்டுக்கொண்டே வந்து வாங்கிவிட்டார். காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"கண்ணு, சபரி, அண்ணன் கஞ்சி குடிச்சானாமே. போனை அவங்கிட்டக் குடு."

அந்தப் பக்கம் பறைச் சத்தம். அப்புறம் சபரியின் குரல், தேய்ந்துபோய், ஆனால் கத்திபோல.

"காட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டு இருக்கறமுங்க சித்தப்பா. நீங்க தேங்கா ஒடச்சு ஆடறதை இங்க எல்லாரும் பாத்தாச்சு. எங்கம்மாவும் பாத்துச்சு. உங்க ஊரு நேரத்துக்குக் காத்தால ஏழு மணிக்கே முகிலன்கிட்டச் சொன்னனே, நீங்க மூஞ்சி பாக்கறக்கு அஞ்சு நிமிசம் நிறுத்தி வெச்சுக் கூப்பிட்டமுங்க. போனு அமத்தி வெச்சிருக்குது."

நஞ்சப்பன் பெஞ்சு மேல் உட்கார்ந்தார். விழவில்லை, உட்கார்ந்தார். போனைப் பார்த்தார், திறந்து கிடந்த இழுப்பறையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். முகிலனின் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது, படிக்கக் கண்ணாடி வேண்டியதில்லை. அந்தப் பார்வை எவ்வளவு நேரம் இருந்தது என்று அவனால் பிறகும் சொல்ல முடியவில்லை. அதிலே கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான்.

அப்புறம் அவர் போனைப் பார்த்துப் பேசினார்.

"சொன்னான் சாமி. காத்தாலயே சொன்னான். நாந்தான்... ஊரைக் கூட்டிப்போட்டமேன்னு... கெழட்டுப் புத்தி, கெட்டுப்போச்சு."

அப்பா முகிலனைக் காப்பாற்றிவிட்டார். ஊரில் யாரும் முகிலன் சாவை மறைத்தான் என்று சொல்லமாட்டார்கள். கிழவனுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்பார்கள், அதோடு போகும். அவன் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான். காலையிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருக்கிறான்? பழகிப்போன வேலை. நின்றான். கொஞ்ச நேரம் நிஜமாகவே அப்படி நின்றான்.

அந்தப் பக்கம் சபரி பேசினான். "செரிங்க சித்தப்பா. இனி நீங்க எங்க ஊட்டுப் படி மிதிக்க வேண்டாமுங்க. எங்கப்பனுக்குத் தம்பி இல்லைன்னு நெனச்சுக்கறம்."

நஞ்சப்பன் அதற்கும் சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். போனில் தலையாட்டுவது தெரியாது என்பதுகூட அவருக்கு நினைப்பில்லை. அதைப் பார்த்த பிறகுதான் முகிலனுக்கு வாய் திறந்தது. குனிந்து போனுக்குக் கிட்டே போய்ப் பேசினான்.

"அண்ணா, அப்பா பொய் சொல்றாருங்க. அவருக்கு ஒண்ணுமே தெரியாது. நாந்தான் மறைச்சேன். பெரியப்பா கஞ்சி குடிச்சாருன்னு நாந்தான் சொன்னேன், அந்தச் சந்தோசத்துலதான் அவரு காய் ஒடச்சாரு. போனை அமத்தி வெச்சதும் நாந்தான். இந்த மரத்துக்காகச் செஞ்சேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதுதான் அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவன் காதுக்கே கேட்டது. பறைச் சத்தம் தொடர்ந்து வந்தது. யாரோ சபரியைக் கூப்பிட்டார்கள். அவன் திட்டவில்லை. அம்மாவிடம் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

"ஏன்டா சொன்னே?" என்றார் நஞ்சப்பன். "எனக்கு இன்னம் எத்தனை நாளு? நீ போகோணுமே அந்த ஊருக்கு."

முகிலன் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தான். அவர் அதைக் கேட்கிற நிலையில் இல்லை. போனில் எதையோ தேடினார். அண்ணன் முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் இருக்கிறதா பார் என்று அவனிடமே நீட்டினார். இருந்தது. கூடத்தில் கிடத்தியிருக்கிற படம், கழுத்து வரை மாலை. பெரியம்மா நாகமணி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். முகிலன் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான். கொஞ்சம் பெரிதானது, இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினால் மூக்கும் கண்ணும் சதுரம் சதுரமாகக் கலைந்துபோயின. சின்னதாக்கினால் மாலைதான் தெரிந்தது. திறந்திருந்த கராஜ் கதவு வழியாக மரத்தின் வெளிச்சம் வேறு சிவப்பும் பச்சையுமாகச் சுற்றிச் சுற்றி வந்து திரை மேல் அடித்தது.

"அதை அமத்துடா. மூஞ்சி தெரியலை."

முகிலன் வெளியே போய்ப் பிளக்கைப் பிடுங்கினான். விளக்கு ஒரேயடியாகப் போய்விட்டது. மரம் மட்டும் இருட்டில் இன்னும் ஒரு சுற்று சுற்றித் தள்ளாடி நின்றது. தெருவில் மூன்று கார்கள் காத்திருந்தன. முன்னால் இருந்த காரிலிருந்து ஒரு அம்மா கண்ணாடியை இறக்கி, முடிந்துவிட்டதா, நாளைக்கு வரலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பின் இருக்கையில் ஒரு குழந்தை கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் ஒருத்தர் இறந்துவிட்டார் என்றான். அவள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள், எப்போது என்று கேட்டாள். அவன் பதில் சொல்லாமல் கையை மட்டும் அசைத்தான்.

திரும்பி வந்தபோது அப்பா போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது, சத்தம் வரவில்லை. நெற்றித் திருநீற்றைத் துண்டால் துடைத்துவிட்டிருந்தார். முகிலன் வந்து நிற்பது தெரிந்தும் தலையைத் தூக்கவில்லை.

"காத்தால கேட்டதும் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டயா?"

"இல்லீங்கப்பா."

நஞ்சப்பன் போனை மடியில் வைத்தார். பிறகு, மொதல்ல நீ போய் ஊத்திக்க, அப்பறம் எனக்கு ஒரு வாளித் தண்ணி எடுத்து வை என்றார். குரலில் ஒன்றும் இல்லை. வேலைக்காரனிடம் சொல்வதுபோலக்கூட இல்லை, வழியில் போகிறவனிடம் சொல்வதுபோல இருந்தது.

முகிலன் வாசல் குழாயைத் திறந்து, சட்டையோடு அப்படியே தலையைக் கொடுத்தான். டிசம்பர் தண்ணீர் மண்டைக்குள் ஊசியாக இறங்கியது. வீட்டுக் கதவு திறந்தது. கண்மணி சுண்டல் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்று, விளக்கு ஏன் அணைந்தது, இந்தக் குளிரில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் ஷ்ரேயா. அவர்களிடமும் இனிமேல்தான் சொல்ல வேண்டும். பெரியப்பா போய்விட்டார் என்று மட்டும் சொன்னால் போதாது, எப்போதிலிருந்து தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவன் குழாயை மூடிவிட்டு, முகத்தைத் துடைக்காமல், அவர்களைப் பார்த்து நடந்தான்.